எரிஞ்சுட்டுப் போகட்டும்

ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் தரையில் மண்டியிட்டு இரும்புப் பெட்டிக்குள் தலையை விடுகிறான் என்றால் அது அவன் தலையெழுத்து. திருக்கோகர்ணத்தில் ஏறி, பொன்னமராவதி வரை பேருந்தில் நின்றே வந்து, ஆட்டோ பிடித்து அந்தத் தனியார் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோதே எனக்கு வாழ்க்கை வெறுத்திருந்தது. காலையிலிருந்து அங்கே சர்வர் கம்ப்யூட்டர் எழும்பவில்லையாம்; அதைப் பழுது பார்ப்பது என் வேலை.

அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பாக இருந்த அம்மா முகம் வெளிறி நின்றார். ஐந்து வருட மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் அதற்குள்தான். வேறெங்கும் நகல் இல்லை.

"போச்சுன்னா நாளையிலேருந்து வர வேணாம்னு தாளாளர் சொல்லிட்டாருங்க சார். எம் பொண்ணுங்க ரெண்டும் இங்கதான் படிக்குதுங்க. இந்த வேலைய நம்பித்தான் இருக்கோம்."

எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் இப்படித்தான் நிற்கிறார்.

மேல்மூடியைக் கழற்றினேன். வரிசையாக விசிறிகள், அவற்றுக்குப் பின்னால் ப்ராசசரின் சூட்டை வாங்கும் அலுமினியக் கட்டை, அதன் இருபுறமும் மெமரி அட்டைகள். எதில் இருந்த எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். இருபது வருடமாகச் செய்கிற வேலை, வெட்கக்கேடு! ஒரு மெமரி அட்டையை உருவி, எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல அதன் தங்கநிற ஓரத்தைத் தேய்க்கப் பையிலிருந்து அழிரப்பரை எடுத்தேன்.

"ஐயையோ, மெமரிய அழிச்சுறாதீங்க சார்!" என்று என் கையைப் பிடித்துவிட்டார்.

"இதுல எதுவும் தங்காதும்மா. கரண்டு போனாலே எல்லாத்தையும் மறந்துரும். அழுக்கு மட்டுந்தான் போகும். ஒங்க மார்க்கெல்லாம் முன்னாடி டிஸ்க்குல இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

தேய்த்து மாட்டியும் எழும்பவில்லை. முன்பக்கம் வந்து பார்த்தேன். இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஒரே பதிவுகள்தான் இருக்கும், ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும். ஒன்றிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. அது காலையில் செத்தது. மற்றதன் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. உரித்தேன். அடியில் பழுதைச் சொல்லும் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த டிஸ்க் என்றைக்கோ செத்திருந்தது.

"இது எப்ப ஒட்டுனது?"

"நாலு மாசம் இருக்கும் சார். மினுக்கு மினுக்குன்னு கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கும்மா! தும்ப விட்டு வாலப் பிடிக்கிற கத. அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருந்தா இந்த ஒண்ண மட்டும் மாத்திட்டுப் போயிருப்பேன்ல?"

"பண்ணேனே சார். ஒங்க ஆபீசுல எடுத்தவரு, 'லைட்டுதானேம்மா, எரிஞ்சுட்டுப் போகட்டும், விடுங்க'ன்னாரு. அதுக்கப்பறந்தான் ஒட்டுனேன்."

எரிஞ்சுட்டுப் போகட்டும், விடுங்க. எங்கள் அலுவலகத்தில் இதைச் சொல்கிற ஆள் ஒருவன்தான். ஒரு நாளைக்கு முப்பது பேர் கூப்பிட்டால் முப்பது பேரிடமும் சொல்வேன். இவரிடம் எப்போது சொன்னேன் என்றுகூட நினைவில்லை. அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

சர்வீஸ் தாளை எடுத்தேன். டிஸ்க்குகளை மீட்பு வேலைக்குச் சென்னைக்கு அனுப்பினால் பதிவுகள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"நான் பொட்டு ஒட்டுனதுதான்னு எழுதிக்கங்க சார். வேற என்ன எழுதுவீங்க" என்றார் அந்த அம்மா.

"போன்ல அப்பிடிச் சொன்னது நான்தாம்மா."

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். வந்ததும் 'என்ன பிரச்சினை'ன்னு கேட்டீங்கள்ல, அப்பவே கொரலு தெரிஞ்சிருச்சு. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

தாளை மடித்து எழுந்தேன். முழங்கால் இரண்டும் வலித்தன.

"தாளாளர் ரூம்லதான் இருக்காரு" என்றார். "இங்கிட்டு வாங்க. அவருகிட்டயும் இதச் சொல்லிருங்க."