அக்காவின் தோள்பட்டை

கொழும்பு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் பரவிய இடங்களைப் படத்தில் காட்டும் பெட் ஸ்கேன் மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது என் வேலை. ஒருநாள் நோர்வூட் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவரின் படத்தில் கழுத்தும் தோள்களும் கைகளும் பளிச்சென்று எரிந்தன. நோய் அப்படிப் பரவாதே! மெஷின்தான் பழுது என்று குதித்தேன். மற்ற நோயாளிகளைக் காக்கவைத்து, மருந்து கலந்த தண்ணீர் உருளையை உள்ளே வைத்து மத்தியானம் வரை சோதித்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

வெளியே வந்து அக்காவிடம் எரிந்து விழுந்தேன். "நேத்து உடற்பயிற்சி செஞ்சீங்களான்னு காலையில கேட்டேனே, இல்லன்னீங்களே?"

"உடற்பயிற்சியெல்லாம் நமக்கு ஏதுங்க சார்? நேத்து பூரா மலையில கொழுந்துதான் எடுத்தேன்."

உழைத்த தசை சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்தும் ஒருவகைச் சர்க்கரைதான். படத்தில் எரிந்தது அவருடைய வேலை.

ஸ்கேனுக்கு முன் நிரப்பும் படிவத்தில் அந்த உடற்பயிற்சிக் கேள்வியை எழுதியவனே நான்தான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மாவின் தோளுக்குத் தினமும் தைலம் தேய்த்தவன்.

இன்னொரு நாள் வரச் சொன்னேன். அக்கா பயந்துபோய், "என் தப்புங்களா சார்?" என்றார்.

"இல்லைங்க அக்கா, மெஷின் பழுது" என்றேன்.