கடைசி மேட்சில் ஒரு பச்சைக் கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை போசரியில் ஒரு கபடி ஃபைனலுக்குப் போயிருந்தேன். 'உனக்கும் கபடிக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். டி.வி.யில் யாராவது ஓடினாலே எனக்கு மூச்சு வாங்கும்!

சம்பந்தம், தேவிகா. நாங்கள் குடியிருக்கும் இந்த மராத்தி ஊரில், ஔந்த் பகுதியில் எங்கள் பில்டிங்கில் கீழ் ஃபிளாட்டில் இருக்கிறாள். ஸ்கூலில் பி.டி. டீச்சர். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிம்ப்ரிக்கு ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். இவள் பிறந்தது, வளர்ந்தது, முட்டியைப் பெயர்த்துக்கொண்டது எல்லாமே இங்கேதான்.

போசரி கிளப் ஒன்றுக்காகப் பல வருஷமாக ஆடுகிறாள். பாடிப் போவது அவள் வேலை. அதாவது, 'கபடி கபடி' என்று எதிரணிப் பக்கம் நுழைந்து, யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி வருவது. இப்போது வலது முட்டி ஒத்துழைக்க மறுக்கிறது. டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆக, இதுதான் கடைசி மேட்ச்.

"வாங்கக்கா. அழுவேன்னு பயப்படாதீங்க. கடைசியா ஒரு மேட்ச் ஒழுங்கா ஆடிட்டுப் போவணும்... அவ்ளோதான்" என்றாள்.

ஸ்கோர் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. எதிரே ரெஃப்ரி, ஜாதவ் மேடம். கழுத்தில் விசில், சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்த முகம். இவருக்கும் தேவிகாவுக்கும் பல வருஷப் பகை. அவுட் கொடுத்தால் இவள் சண்டைக்குப் போவாள். அவர் அசைய மாட்டார். தேவிகா வீட்டில் அந்த அம்மாவுக்குப் பெயர் 'ராட்சசி'. நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது!

எதிரணி, பிம்ப்ரிப் பெண்கள். எல்லோரும் தேவிகாவின் ஆட்டத்தைப் பார்த்தே கபடிக்கு வந்தவர்கள். ஆட்டத்துக்கு முன்னால் வரிசையாக வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சீனியர் என்றால் இந்த ஊரில் அப்படித்தான். எனக்கே கண் கலங்கியது.

விசில் ஒலித்தது. தேவிகா பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டாள். திரும்பி வந்தாள். பாயின்ட்! அடுத்ததும் அப்படியே. நான் கை வலிக்கத் தட்டினேன். மூன்றாவது முறைதான் எனக்கே உறைத்தது. கார்னரில் நின்ற பெண் தேவிகாவின் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்தாள்... தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். இப்போதுதான் கும்பிட்ட கால். அதையே வாரிவிட மனசு வருமா? வரவில்லை. மற்ற பெண்களுக்கும் வரவில்லை.

கூட்டம் கூத்தாடியது. தேவிகாவின் முகம் மட்டும் இருண்டுகொண்டே போனது.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்தாள். அவள் அணி நல்ல லீடிங்கில் இருந்தது.

"இன்னாக்கா இது? ஒருத்தியும் என்னைப் புடிக்க வரல. நான் என்ன பொணமா, தொடுறதுக்கு பயப்பட?"

"விடும்மா. மரியாதைதானே..."

"இது மரியாதையா? இப்பிடி ஜெயிச்சா, நாளைக்கு அந்தக் கப்பை எப்பிடிக்கா பாப்பேன்? நான் இறங்கல. உட்கார்ந்துக்கிறேன்."

நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாள். குரல் உடைந்திருந்தது. அழ மாட்டேன் என்றவள்தான்.

அதற்குள் ஜாதவ் மேடம் எழுந்தார். பிம்ப்ரி அணி கேப்டனைக் கூப்பிட்டார். மராத்தியில்தான் பேசினார். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: "கும்பிடுறது எல்லாம் கோட்டுக்கு வெளியே. உள்ளே வந்தா அவ உனக்கு எதிரி. பிடிக்க முடியலேன்னா அது வேற. பிடிக்காம விட்டா டீமுக்கே கார்டு காட்டுவேன்."

போட்டி நடத்துகிறவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், மேடம்... அவங்க கடைசி மேட்ச். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க. வழியனுப்ப டோல் தாஷா மேளம்கூட ரெடியா நிக்குது!"

"அட்ஜஸ்ட் பண்ற மேட்சுக்கு விசில் எதுக்கு? நீங்களே ஊதிக்கோங்க" என்று விசிலைக் கழற்றி நீட்டினார் அந்த அம்மா. மனிதர் பின்வாங்கினார்.

கடைசியாக தேவிகாவின் பக்கம் திரும்பினார். ஒரே வார்த்தைதான். "ஊட்!" எழுந்திரு. தேவிகா எழுந்தாள்.

அப்புறம் நடந்ததல்லவா கபடி! அந்தப் பெண்கள் பாய்ந்தார்கள். தேவிகா புரண்டாள், திமிறினாள், வழுக்கிக்கொண்டு வந்தாள், இரண்டு தடவை நன்றாக அகப்பட்டாள். லீடிங் கரைந்தது. சமமானது. ஒரு பாயின்ட் பின்னால் போனது. கடைசி ரெய்டு. தேவிகாதான் போக வேண்டும்.

போனாள். ஒருத்தியைத் தொட்டுத் திரும்பும்போது, அதே கார்னர்ப் பெண் — இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை. கணுக்காலில் உடும்புப்பிடி. மேலே மூன்று பேர் விழுந்தார்கள். தேவிகா அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டே நகர்ந்து நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள். விரல் கோட்டில் பட்டால் பிடித்த அத்தனை பேரும் அவுட், கப் இவர்களுக்கு. படாவிட்டால் அவர்களுக்கு.

விசில். ஜாதவ் மேடம் கையை உயர்த்தினார். அவுட்!

கூட்டம் ஊளையிட்டது. தேவிகா துள்ளி எழுந்தாள். "பட்டுச்சு! கோட்டுல பட்டுச்சு மேடம்!" ஹிந்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும் கத்தினாள். அந்த அம்மா பையிலிருந்து பச்சைக் கார்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார். நடுவரிடம் வாக்குவாதம் செய்ததற்கு எச்சரிக்கை.

ரிட்டையர் ஆகிற நிமிஷத்தில் கார்டு! கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

தேவிகா அந்தக் கார்டை ஒரு கணம் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அதற்குப் பிறகுதான் ரெஃப்ரி, அம்பயர்கள், ஸ்கோர் எழுதியவர்கள் எல்லோரும் எழுந்து ஆடுகளத்தின் ஓரமாக வரிசையாக நின்றார்கள். யாரும் கைதட்டவில்லை. அவள் களத்தை விட்டு இறங்கும்வரை உட்காரவும் இல்லை. அவ்வளவுதான். டோல் தாஷாவெல்லாம் அப்புறம்.

என் கணவர் ரிட்டையர் ஆவதற்கு முந்தின மாதம் ஞாபகம் வந்தது. ஆபீசில் அவர் எது சொன்னாலும் 'ஆமா சார், ஆமா சார்' என்று தலையாட்டினார்களாம். அதுவரை தினமும் மல்லுக்கு நின்றவர்கள்கூட. மாலையில் வீட்டுக்கு வந்து, "என்னை உயிரோட ஃபோட்டோவுல மாட்டிட்டாங்க" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. நல்லவிதமாகத்தானே நடந்துகொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

போகிறவர்களிடம் நாம் முதலில் நிறுத்துவது சண்டையை. 'பாவம், போகப்போறார்' என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறோம். அவர் நாற்காலியைக் காலி செய்வதற்கு முன்பே அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். அதற்கு மரியாதை என்று பெயர் வேறு! ஜாதவ் மேடத்துக்கு அந்தப் பெரிய மனசெல்லாம் கிடையாது. கடைசி நொடிவரை தேவிகாவை ஓர் ஆட்டக்காரியாக மட்டுமே பார்த்தார். ஆட்டக்காரிக்கு வேறென்ன வேண்டும்?

ஸ்கூட்டரில் திரும்பி வந்தோம். பிம்ப்ரி டிராஃபிக்கில் நின்றபோது தேவிகா பின்னால் திரும்பி, "சத்தியமா கை பட்டுச்சுக்கா. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, சொல்லுங்க... பட்டுச்சா, இல்லையா?" என்றாள்.

படவில்லை. நான் நன்றாகவே பார்த்தேன். ஆனால், அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல நானென்ன ராட்சசியா?