ஒன்பது இடைவேளை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் கேட்டியிலிருந்து கிளம்பினோம். வண்டியை ஓட்டியது என் மனைவி ரோஸ்லின். பக்கத்து இருக்கையில் நான். பின் இருக்கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். இரண்டையும் நான் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். டாலஸுக்கு இருநூற்று அறுபது மைல். அங்கே ஒரு பழைய தியேட்டரில் மதியம் ஒரு மணிக்கு, எழுபது எம்.எம். ஃபிலிமில் ஒரு படம். டிக்கெட் தலைக்குப் பதினெட்டு டாலர். ஒரு சினிமாவுக்குப் போக வர ஐந்நூறு மைலா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போனது இடைவேளைக்காக.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டேன். மூத்திரப்பை மட்டும் அதற்குப் பிறகு என் பேச்சைக் கேட்பதில்லை. நினைத்தபோது கூப்பிடும், கூப்பிட்டால் உடனே போக வேண்டும். அமெரிக்கத் தியேட்டர்களில் இடைவேளை கிடையாது. தமிழ்ப் படம் போட்டாலும் 'இடைவேளை' என்ற எழுத்து திரையில் வருமே தவிர விளக்கு எரியாது. இரண்டு மூச்சு விடுவதற்குள் இரண்டாம் பாதி ஓட ஆரம்பித்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே ஒரு முறை கேட்டியில் படத்துக்குப் போனேன். மூன்று தடவை எழுந்து, ஆறு பேருடைய முழங்கால்களைத் தாண்டிப் போய் வந்தேன். மூன்றாவது தடவை பின்வரிசையில் ஒருவர், "உக்கார முடியலன்னா வீட்லயே இருக்க வேண்டியதுதானே" என்றார். தமிழில் சொன்னதால் கூடுதலாகச் சுட்டது. அன்றோடு தியேட்டரைத் தலைமுழுகினேன்.

நான் தலைமுழுகியது போகட்டும், ரோஸ்லினும் சேர்ந்து தலைமுழுகியதுதான் சிக்கல். பெரம்பூரில் நாங்கள் காதலித்த நாள் முதல் வாரம் ஒரு படம் என்பது எங்கள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் பூசையைக்கூட மழைக்காக விட்டிருக்கிறோம், படத்தை விட்டதில்லை. அவள் ஐ.சி.யூ. நர்ஸ். வாரமெல்லாம் மானிட்டரையே பார்க்கிறவளுக்கு அந்த இருட்டில் உட்காரும் மூன்று மணி நேரம்தான் ஓய்வு. தோழிகளோடு போய்வா என்று எத்தனையோ முறை சொன்னேன். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எனக்குப் படம் பார்க்க வராது என்று முடித்துவிட்டாள். வீட்டில் டிவியில் பார்ப்போம். நான் எழும்போதெல்லாம் அவள் படத்தை நிறுத்திவைப்பாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

டாலஸுக்குப் பக்கத்தில் ஆலனில் இருக்கும் சேவியர்தான் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னவன். கல்லூரித் தோழன், சினிமாப் பைத்தியம். என் ஆபரேஷன் விஷயம் அவனுக்குத் தெரியாது, யாருக்கும் சொல்லவில்லை. பாய்மரக் கப்பல்கள் வரும் பழைய படம், மூன்றேகால் மணி நேரம், நடுவில் கால் மணி நேரம் இடைவேளை உண்டு என்று போனில் சொன்னான். அவன் மற்ற பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனான், எனக்கு இடைவேளைக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. முதல் பாதி ஒன்றரை மணி நேரம். என்னால் அப்போது தாங்க முடிந்தது இருபத்தைந்து நிமிடம்.

இரண்டு மாதம் பயிற்சி எடுத்தேன். பிசியோதெரபி பெண் சொல்லித்தந்த பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்தேன். இரவில் டிவி முன்னால் உட்கார்ந்து, படத்தை நிறுத்திவிடாதபடி ரிமோட்டை ரோஸ்லினிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் படித்தவனில்லை நான். கடைசி வாரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தொட்டேன். அன்றே டிக்கெட் போட்டேன்.

ஹூஸ்டனைக் குறுக்கே கடந்து நாற்பத்தைந்தாம் நெடுஞ்சாலையில் ஏறியபோது வெயில் வந்திருந்தது. கான்ரோ தாண்டியதும் இருபுறமும் பைன் மரங்கள். ஹண்ட்ஸ்வில்லுக்கு முன்னால் மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைச் சிலை எழுந்து நிற்கிறது, ஏழு மாடி உயரம் இருக்கும். மற்றவர்கள் அங்கே இறங்கிப் படம் எடுக்கிறார்கள். நான் அதற்கடுத்த எக்ஸிட்டில் உள்ள பெட்ரோல் பங்க்கில் இறங்கினேன். மேடிசன்வில்லில் இன்னொரு முறை. அங்கே இருப்பது பங்க் என்பதைவிடக் கல்யாண மண்டபம் என்று சொல்லலாம். நூறு வண்டிகள் நிற்கின்றன, வறுத்த முந்திரி வாசனை வாசல்வரை வருகிறது. டெக்சஸில் வேறு எதைக் குறை சொன்னாலும் அங்குள்ள கழிப்பறையைக் குறை சொல்ல மாட்டேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று விசாரித்தார். சினிமாவுக்கு என்றேன். நல்ல படமாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார்.

மேடிசன்வில்லுக்குப் பிறகு மரங்கள் குறைந்து, கார்சிகானா வரும்போது இரண்டு பக்கமும் வெட்டவெளியாகிவிட்டது. மாடுகளும் விளம்பரப் பலகைகளும்தான் துணை. "டென்ஷனா இருக்கீங்களா?" என்று ரோஸ்லின் கேட்டாள். இல்லை என்றேன். "எனக்கு இருக்கு" என்றாள்.

பதினொன்றே முக்காலுக்கு டாலஸின் தென்பகுதியில், டயர் கடைக்கும் டாக்கோ கடைக்கும் நடுவே தியேட்டரைக் கண்டுபிடித்தோம். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று மேலாளர் கேட்டுக்கொண்டார். காரணம் பின்னால் புரியும். நூறு வருடத்துப் பழைய கட்டடம். வாசலில் பாதி பல்புகள் எரியவில்லை. உள்ளே போனால் கூரை எங்கேயோ இருக்கிறது. பால்கனியைக் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். கீழே நானூறு இருக்கைகளில் பாதி நிரம்பியிருந்தது, பெரும்பாலும் நரைத்த தலைகள். ஓர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

சேவியர் வந்ததும் பாடம் எடுத்தான். நம் ஊர்த் தியேட்டர் வாசல்களில் 'எழுபது எம்.எம்.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களே, அதில் முக்கால்வாசி பெரிய திரை மட்டும்தானாம். உள்ளே ஓடியது எப்போதும்போல முப்பத்தைந்து எம்.எம். ஃபிலிம். உண்மையான எழுபது எம்.எம். ஃபிலிம் அதைப்போல இரண்டு மடங்கு அகலம், ஒரு படத்தின் பெட்டிகளைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். டிஜிட்டல் வந்தபோது ஊரூராக அதை ஓட்டும் ப்ரொஜெக்டர் மெஷின்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இப்போது மெஷினும் வேண்டும், உதிரிப் பாகமும் வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆபரேட்டரும் வேண்டும். மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடங்கள் அருகிவிட்டன. அமெரிக்காவின் மேற்குக் கரையில், பே ஏரியாவில் அவன் மேற்படிப்பு படித்தபோது போய்க்கொண்டிருந்த தியேட்டர் இப்போது ஜிம்மாம். இத்தனை வருடம் எழுபது எம்.எம். பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்த ரோஸ்லின் அவனை முறைத்தாள்.

ஒரு மணிக்கு விளக்கு அணைந்தது. திரையில் கடல் வந்தது. நான் அதுவரை எத்தனையோ கடல் பார்த்திருக்கிறேன் சினிமாவில். இந்தக் கடலில் தூரத்து அலையின் நுரையைத் தனியாகப் பார்க்க முடிந்தது. பாயை இழுக்கும் மாலுமியின் கயிற்றில் பிரிந்து நிற்கும் நார் தெரிந்தது. பளபளப்பு எதுவும் இல்லை, நிறங்களுக்கு ஒரு கனம் இருந்தது. ரோஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பயிற்சியை மறந்தேன், தண்ணீரை மறந்தேன், எதற்காக வந்தேன் என்பதையும் மறந்தேன்.

இருபது நிமிடத்தில் திரை வெறும் வெள்ளையாகி, பிறகு இருண்டது. விளக்குகளைப் போட்டார்கள். இரண்டு மெஷின்கள் ரீல் ரீலாக மாறி மாறி ஓட வேண்டும்; முதல் ரீல் முடிந்து இரண்டாவது மெஷின் தொடங்க வேண்டிய நேரம், இரண்டாவது மெஷின் தொடங்கவில்லை. அரை மணி நேரம் மேலே சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு மேலாளர் மேடைக்கு வந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண்மணி. மைக் இல்லாமலே பேசினார்.

மெஷின் இன்றைக்கு எழாது என்றார். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நல்ல மெஷின் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டுவது. ஒவ்வொரு ரீலும் முடிந்ததும் நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்ட ஏழெட்டு நிமிடம் ஆகும். இன்னும் ஒன்பது ரீல் பாக்கி. மற்றது, டிஜிட்டல் பிரதி தயாராக இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து நேராக ஓட்டிவிடலாம். நேரமாகிவிட்டதால் அதில் இடைவேளை கிடையாது.

டிஜிட்டல் வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். கைகள் தோப்பு மாதிரி எழுந்தன. சேவியரும் தூக்கினான். "நிறுத்தி நிறுத்திப் பாத்தா ஃப்ளோவே போயிடும்டா. டூரிங் டாக்கீஸா இது? அஞ்சரைக்கு நான் பொண்ண டான்ஸ் கிளாஸ்லேர்ந்து பிக்கப் பண்ணணும்." ஃபிலிம் வேண்டும் என்பவர்களைக் கேட்டபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள். நான் தூக்கவில்லை. தூக்கினால் சேவியர் ஏன் என்று கேட்பான்.

அப்போது ரோஸ்லின் காலடியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போலாங்க. வெளியில சாப்பிட்டுட்டு மெதுவா வீட்டுக்குப் போலாம். பரவால்ல" என்றாள். குரலில் ஏமாற்றம் துளிகூட இல்லை. இரண்டு வருடமாக ரிமோட்டில் படத்தை நிறுத்திவைத்த அதே குரல். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் எனக்கு வந்தது கோபம். அவள்மேல் அல்ல, என்மேல்.

மேலாளர் மேடையிலிருந்து இறங்கப் போனார். நான் எழுந்து நின்று, ஒரு நிமிடம் என்றேன்.

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம். ஆபீஸ் மீட்டிங் தவிர எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தவனில்லை. எனக்குப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனதைச் சொன்னேன். என்னால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது, அதற்கே இரண்டு மாதம் பயிற்சி எடுத்தேன் என்றேன். நீங்கள் கோளாறு என்று சொல்கிற அந்த ஏழெட்டு நிமிடங்கள் இருந்தால் நானும் என் மனைவியும் இந்தப் படத்தை முழுதாகப் பார்க்க முடியும், இல்லாவிட்டால் இப்போதே எழுந்து போவோம் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். டிஜிட்டல் என் வீட்டிலும் இருக்கிறது; இதற்குத்தான் இருநூற்று அறுபது மைல் வந்தேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கினார். எனக்கும் அதே கதைதான் என்றார், கூட்டம் சிரித்தது. நிறைமாதப் பெண் ஒருத்தி தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிமார். பிறகு வரிசை வரிசையாக எழுந்தன கைகள். சேவியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து மனைவியிடம் பெண்ணை நீயே கூட்டிவந்துவிடு என்று சொல்லிவிட்டு, அவனும் கையைத் தூக்கினான். மேலாளர் எண்ணவில்லை. மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்து, ஃபிலிம் என்று மட்டும் சொன்னார்.

பழுதாகி நின்றதையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது இடைவேளை. இரண்டாவது இடைவேளையில் ஆண்கள் கழிப்பறை வாசலில் வரிசை நின்றது. முன்வரிசைப் பெரியவர் எனக்கு வழிவிட்டார், நான் அவருக்கு வழிவிட்டேன். நான்காவதில் யாரோ பாப்கார்னைக் கைமாற்றிவிட்டார்கள். ஐந்தாவதில் ஆபரேட்டரே படியிறங்கி வந்தார், கையெல்லாம் கிரீஸ். கெட்டுப்போன மெஷினுக்குப் பல்சக்கரம் எங்கும் செய்வதில்லை, மூடிய தியேட்டர் எதிலாவது கிடைக்குமா என்று தேடப்போகிறேன், கிடைக்கும் வரை ஒற்றை மெஷினில் ஓட்டுவேன் என்றார். மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. ஏழாவதில் விளக்கு எரிந்தபோது நான் எழவே இல்லை. தேவைப்படவில்லை. "என்னங்க, போகலயா?" என்றாள் ரோஸ்லின். கதை என்ன ஆகுமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஆறு மணிக்கு வெளியே வந்தோம். சேவியர் டயர் கடை வாசலில் நிறுத்தி, இரண்டு வருடமாக இதை என்னிடமே மறைத்தாயா என்று திட்டினான். பிறகு கட்டிப்பிடித்துவிட்டு அனுப்பினான். திரும்பும் வழியில் நான் இரண்டு பாட்டில் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தேன். ஒவ்வொரு எக்ஸிட்டுக்கும் ரோஸ்லின் அலுக்காமல் இண்டிகேட்டர் போட்டாள்.

எங்கள் ஊர் மல்டிபிளெக்ஸில் பதினாறு திரை இருக்கிறது. சாய்ந்துகொள்ளும் சோபா இருக்கிறது, மெஷின் நிற்பதே இல்லை. ஒரு கூட்டத்துக்காகப் படத்தை நிறுத்த அங்கே ஆளும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அங்கே ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டேன். ஓர இருக்கை கிடைக்கவில்லை, நடுவில்தான் கிடைத்தது. ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்தேன். எக்ஸ்க்யூஸ் மீ என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொல்லிவிட்டு, ஆறு பேரைத் தாண்டிப் போனேன். அதே ஆறு பேரைத் தாண்டித் திரும்பி வந்தேன். இருட்டில் ரோஸ்லின் என் காதருகே குனிந்தாள்.

"ஒரு பாட்டுதான் போச்சு. உக்காருங்க."