கதவோட தப்பான பக்கத்துல நின்ன மிக்கி

மிக்கி வாசக் கதவுகிட்ட நின்னுக்கினு இருந்தா. கைப்பிடி பக்கம் இல்ல, கீல் பக்கம். சுவத்துக்கும் கதவுக்கும் நடுவுல மூக்க வச்சிக்கினு, அங்க தொறக்கும்னு வெயிட்டிங். நான் சிரிச்சி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். மச்சி, உங்க வீட்டு நாய் அப்படி நின்னா சிரிக்காதீங்க.

மிக்கி பதிமூணு வயசு நாட்டு நாய். சாந்தோம்ல எங்க பிளாட்டுக்கு யார் பையோட வந்தாலும் கீழ வச்சே ஆகணும். மூக்க உள்ள விட்டு அலசிட்டுதான் விடுவா. அப்பா அதுக்கு ஏர்போர்ட் செக்கிங்னு பேரு வச்சிருந்தாரு.

அந்த செக்கிங் கொஞ்ச நாளா நின்னுபோச்சு. மீன் பை வந்தாகூட திரும்பிப் பாக்கல. அம்மாவுக்கு செம ஹேப்பி, மிக்கிக்கு இப்பதான் புத்தி வந்துதுன்னு பக்கத்து வீட்ல எல்லாம் சொல்லிட்டாங்க. நானும் நம்பிட்டேன்.

கதவுகிட்ட அதே மாதிரி தெனம் நிக்க ஆரம்பிச்சதும்தான் சந்தேகம் வந்து அடையாறுல நாய் டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போனோம். டாக்டரம்மா மொதல்ல கண்ணு, காது, ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணாங்க. எல்லாம் ஓகே. அப்புறம்தான் சொன்னாங்க, இது டிமென்ஷியா மாதிரி (மூளை வயசாகி மறதி, குழப்பம் வர்றது). ஆர்வம் கொறையறதும் ஒரு அறிகுறியாம். சமத்தா ஆயிட்டான்னு நெனச்சி நெறைய பேரு லேட்டாதான் வர்றாங்களாம்.

அப்பா தரைய பாத்துக்கினே கேட்டாரு. "எங்கள மறந்துடுமா டாக்டர்?"

"மறக்கலாம் சார். எப்போன்னு சொல்ல முடியாது. மாத்திரை தரேன், வேகத்த கொறைக்கும், சரி பண்ணாது. தெனம் புதுசா எதையாவது மோந்து பாக்க விடுங்க."

அதுக்காகவே பட்டினப்பாக்கம் மீன் கடைங்க பக்கம் கூட்டிக்கினு போக ஆரம்பிச்சேன். ஒருநாள் சாயங்காலம் கழுத்துப் பட்டை கழண்டுச்சு. மிக்கி நடு ரோட்டுல போய் நின்னுட்டா. ஆட்டோ ஹாரன் அடிக்குது, அசையல. நான் பேர் சொல்லிக்கினே ஓடினேன். என்னப் பாத்து பல்ல காட்டி உறுமினா.

அந்தக் கண்ணுல நான் இல்ல மச்சி.

மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க கடையிலேர்ந்து கலாய்ச்சாங்க. "இன்னா நைனா, உன் நாயே உன்ன பாத்து உறுமுது? சோறு போடறியா இல்லியா?" சொல்லிக்கினே எந்திரிச்சி வந்து ஆட்டோவ கை காட்டி நிறுத்தினாங்க.

நான் ரோட்லயே குந்திக்கினு கைய மட்டும் நீட்டினேன். மிக்கி விரல்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் மெதுவா மோந்து பாத்தா. அப்புறம் உறுமல் நின்னுச்சு. தூக்கிக்கினு வந்துட்டேன்.

மாத்திரை ஓடுது. சில நாள் நல்லா இருக்கா, சில நாள் இல்ல. நான்தான் மாறிட்டேன். வீட்டுக்குள்ள ஓடறதில்ல. நான் வர்றது மிக்கிக்கு கேக்கணும்னு கால தேச்சி தேச்சி நடக்கிறேன். இருவத்தொரு வயசுல தாத்தா நடை. கிட்ட போனதும் கைய நீட்டிக்கினு மூச்ச புடிச்சிக்கினு நிக்கிறேன். அவ மூக்கு போற வேகத்துலதான் என் காலைப் பொழுது நகருது.

இன்னிக்கி ரொம்ப நேரம் மோந்து பாத்தா. வால் ஆடல. கடைசில தலைய என் கைல வச்சிட்டா. யார் கைன்னு தெரிஞ்சிதான் வச்சாளான்னு தெரியல. கை மரத்துப்போச்சு. எடுக்கல.