பெட்டியின் பின்பலகை

போன வாரம் ராஜபாளையம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நடந்து போனது காஜாவேதான். இரண்டு மூன்று தரம் கூப்பிட்டேன்... திரும்பவில்லை. ஓடிப் போய்த் தோளைத் தொட்டேன். "ஏலே, நீயா! எப்ப வந்தே?" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

எங்கள் மெல்லிசைக் குழுவின் கிடார்க்காரன் அவன். பகலில் மில் வேலை, முகூர்த்த நாட்களில் மேடை. எண்பதுகளில் சேத்தூர், தளவாய்புரம் என்று எங்கே கல்யாணம் என்றாலும் நாங்கள்தான். நானும் பாடுவேன் — கூட்டம் டீ குடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து.

திடீரென்று அவனுக்குத் தன் ஸ்பீக்கர் பெட்டி பிடிக்காமல் போனது. "சவுண்டு அடைச்ச மாதிரி இருக்குலே. வெளிய வர மாட்டேங்குது" என்றான். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் கிடார்க்காரன் காது அல்லவா? முன்பக்கத் துணியை மாற்றினோம். உள்ளே வைத்திருந்த பஞ்சை எடுத்தோம். கடைசியில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பின்பலகையையே எடுத்துவிட்டோம்.

அடேயப்பா! சத்தம் முன்னாலும் பின்னாலும் விரிந்து வந்தது. எங்களுக்குப் புல்லரித்தது. அவனோ உதட்டைப் பிதுக்கினான். "இப்ப செத்த பரவால்ல. இன்னும் அடைச்சுத்தான் இருக்கு."

அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? எப்படி வரும்? மெஷின் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவர்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள். எங்கள் ஊரில் ஒருவன் சத்தமாகப் பேசினால் மில்லுக்காரன் என்போம். காது மந்தம் என்று யாருக்கும் தோன்றாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரிசப்ஷன். பாட்டு முடிந்து எல்லோரும் நிறுத்தினோம். கிடார் நிற்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே இருந்தான்... திறந்த பெட்டி, கடைசி வரிசை வரை கணீரென்று கேட்டது. கூட்டம் சிரித்தது. நிமிர்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னை வீட்டுக்கு இழுத்துப் போனான். கிடாரை எடுத்தான். "அன்னைக்குப் பலகையக் கழட்டுனோம் பாரு... அதனாலதான் எனக்கு இம்புட்டாவது கேக்குது" என்றான்.

பெட்டி சுவரோரம் இருந்தது. சும்மா பின்னால் எட்டிப் பார்த்தேன். பலகையை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தது.

டீ கொண்டுவந்த அவன் மனைவி நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். "பக்கத்து வீட்டுல தெனமும் சண்டைக்கு வாராங்கண்ணே. ஒருநா இவிய மில்லுக்குப் போன பொறவு நான்தான் அடிச்சு வச்சேன். சொல்லிராதீங்க."

குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னார். காஜா குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

வாசித்தான். ஒரு கம்பி சுருதி விலகியிருந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்து, "எப்படிலே? நல்லா தொறந்து கேக்குதுல்ல?" என்றான்.

"நல்லா கேக்குதுலே!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.