சுஜியின் ஒரே கேள்வி

சுஜிக்கு இருபத்திரண்டு வயது. செம்பாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை. அதற்கு முன்பு மாடம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்தாள். பார்லர் வேலை என்று சொல்லி அங்கே கொண்டுபோய் விட்டவள் அவளுடைய சித்தி. அந்த வீட்டுக்கு வந்துபோன ஆண்களைப் பற்றி என்னிடம் அவள் பேசியதே இல்லை. அடிவயிற்று வலியைப் பற்றித்தான் பேசினாள்.

அப்படி மீண்டு வந்த பெண்களுக்கு உதவும் ஒரு சின்ன அமைப்பில் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று இன்னும் தெரியவில்லை.

"வலி கெடக்கட்டும்க்கா. எனக்குக் கொழந்த பொறக்குமா? அத்த மட்டும் கேட்டுச் சொல்லு."

கேம்ப் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, மகப்பேறு டாக்டரைப் பார்க்கப் போனோம். கல்யாணம் ஆகவில்லை என்றதும் நர்ஸின் குரல் உயர்ந்தது. "அப்புறம் இந்த டாக்டர்கிட்ட உனக்கு என்ன வேலை? அம்மாவைக் கூட்டிட்டு வா."

அம்மா இறந்து வெகுநாளாகிறது. சித்தியையா கூட்டிப்போவது?

மறுவாரம் சுஜி மஞ்சள் கயிறும் மெட்டியும் போட்டுக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எங்களிடம் வரும் பெண்கள் பலர் செய்வதுதான். துணைக்கு எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிரசன்னாவையும் அழைத்துக்கொண்டோம்.

"கொஞ்ச நேரம் நீதான் என் வூட்டுக்காரன்" என்றாள் அவனிடம். "மூஞ்சிய கோவமா வச்சுக்கோ. சிரிச்சுகினு இருந்தா எவனும் நம்ப மாட்டான்."

அதே நர்ஸுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை; இந்த முறை, "உக்காரும்மா" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டர் பிரசன்னாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சுஜி வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் மருந்துச்சீட்டோடு வந்தான்.

"இன்னா சொன்னாங்க?"

"இன்ஃபெக்ஷனாம். மாத்திரை போட்டா வலி போயிடும்."

"கொழந்த?"

அவன் என்னைப் பார்த்தான். "அதை இப்ப உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

"என் வயித்தப் பத்தி உன்கிட்ட சொல்லுவாங்க, எனக்குத் தெரியக் கூடாதா? சொல்லு."

"கர்ப்பப்பை டியூப் கெட்டுப்போச்சாம். கொழந்த கஷ்டம்னாங்க."

"கஷ்டம்னா? வைத்தியம் பண்ணா பொறக்குமா, இல்ல, பொறக்கவே பொறக்காதா?"

பிரசன்னா தலைகுனிந்தான். "அதை நான் கேக்கலீங்க."

சுஜி எழுந்துபோய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள். நர்ஸ் பாதி திறந்தார். "அடுத்த பேஷன்ட் உள்ள இருக்காங்க. அதான் வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொல்லியாச்சேம்மா."

இவன் புருஷன் இல்லை என்ற உண்மையைச் சொன்னால் பதில் கிடைக்குமா, இல்லை, கையில் இருக்கும் சீட்டும் பறிபோகுமா? நான் யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது.

"வாக்கா, மாத்திரையாச்சும் வாங்குவோம்" என்றாள் சுஜி.