கல்லில் ஏறிய மகன்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில், சோழர் கல்வெட்டின்மேல் ஈரத்தாளை அறைந்து மையொற்றிப் படியெடுக்க வேண்டும். கல்லைப் படித்த தொல்லியல் துறை அதிகாரி சந்தோஷத்தில் குதித்தார்.

"அப்பா ராஜா உயிரோட இருக்கறப்பவே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, அவன் பேரைக் கல்லுலயும் வெட்டிட்டாங்க. வாரிசுத் தகராறுக்கே வழியில்ல, பாருங்க!"

"ஆமாங்க சார்" என்றேன்.

கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா ஆயுசுக்கும் குத்தகைக்கு உழுத பண்ணையார் வயல். குத்தகைதாரர் பெயரைப் பதியச் சட்டம் வந்தபோது, "பண்ணையார் என்ன நினைப்பாரு?" என்று பதியாமலே இருந்துவிட்டார். இப்போது எனக்கு அதில் உரிமையில்லை. பண்ணையாரின் ஆட்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

தாளை உரித்தேன். இளவரசன் பெயர் ஓர் எழுத்துகூடச் சிதையாமல் வந்திருந்தது.